எந்த நிரையிலிருந்து: தோட்டத்து வான வெளிச்சங்களும் போலிப் படங்களும்

வானத்தில் தெரிந்த விளங்காத வெளிச்சம் என்று ஒரு படத்தைக் காட்டுவதும், அந்தப் படம் மெய்யா புனைவா என்று சோதிப்பதும் கைப்பேசிக் காலத்து வழக்கங்களாகத் தோன்றினாலும், அச்சோதனையின் அடிப்படைக் கேள்விகள் கைப்பேசிக்கு மிகவும் முந்தியவை. யார் பார்த்தார், எங்கே நின்று, எந்தத் திசையில், எந்த நேரத்தில் பார்த்தார், உடன் பார்த்தவர் யார் என்ற கேள்விகள், விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு ஆண்டு முழுவதும் இருட்டோடு பழகிய சமூகங்களில் தாமாகவே எழக்கூடியவை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் சமூகம் அத்தகையது. அத்தோட்டங்களின் இரவு வெளிச்சங்களுடைய வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், இன்றைய போலிப் படங்கள் எந்த இடத்தில் பிடிபடுகின்றன என்பதும் ஏன் அங்கே பிடிபடுகின்றன என்பதும் தெளிவாகும்.

நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியான சுங்கை ஊஜோங் 1874-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்த இரயில் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்கள் உருவானபோது நெகிரி செம்பிலானும் அவற்றுள் ஒன்றானது. முதலில் காப்பி பயிரிடப்பட்ட நிலங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரக் காடுகளாக, அதாவது ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அவற்றுக்கு வேண்டிய ஆள்களைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டினர். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி அவர்களின் கப்பல் செலவை ஏற்றது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே மேலோங்கி, 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. ஒரே ஊரிலிருந்தோ அண்டை ஊர்களிலிருந்தோ கூட்டமாக வந்தவர்கள், வரிசையாகக் கட்டப்பட்ட லயத்து வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்ந்ததால், ஒரு வீட்டில் பேசப்பட்ட சேதி அடுத்த வீட்டுக்கு எட்ட நெடுநேரம் ஆகவில்லை.

இச்சமூகத்தின் வேலை நேரத்தை மரமே தீர்மானித்தது. பால்மரப் பட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில் நீரழுத்தம் விடியலுக்கு முன்புதான் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியிடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தணிந்து பால் வடிவது குறையும். ஆகையால் பிரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பு இருட்டிலேயே நடந்து முடிந்து, ஏறத்தாழ 500 மரங்கள் கொண்ட தத்தம் நிரைகளுக்குத் தொழிலாளர்கள் விளக்கோடு சென்றனர். நிரை என்பது ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மர வரிசை. நெற்றியில் கட்டிய கார்பைடு விளக்கும் அவர்கள் எடுத்துச் சென்ற விளக்குகளுள் ஒன்று. கால்சியம் கார்பைடு கட்டியின்மீது நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலீன் வாயு அதில் வெண்சுடராக எரியும். அத்தகைய விளக்கோடு ஒருவர் மரத்துக்கு மரம் நின்று பால் வெட்டிச் செல்வதைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, தரைக்குமேல் ஆள் உயரத்தில் ஒரு சுடர் மிதந்து வருவதாகவும், சற்று நின்று மீண்டும் நகர்வதாகவும், அடிமரங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து தோன்றுவதாகவும் தெரியும். விளக்கைத் தூக்கிச் செல்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

இந்த இருட்டுக்குத் தமிழர்கள் தங்கள் ஊர் நம்பிக்கைகளையும் கொண்டுவந்திருந்தனர். சதுப்பிலும் சுடுகாட்டோரத்திலும் தீயைக் கக்கித் திரிவதாகச் சொல்லப்பட்ட கொள்ளிவாய்ப் பிசாசும், எல்லையைக் காத்து இரவில் உலா வரும் முனீஸ்வரனும் அவற்றுள் முக்கியமானவை. அண்டையிலிருந்த மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், தலையும் குடலும் மட்டுமாகப் பறந்து, தொலைவிலிருந்து தீப்பந்துபோல் மின்னும் பெனங்காலான் என்னும் பேயைப் பற்றிய அச்சம் நிலவியது. வால்டர் ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட மலாய் மாந்திரீகம் பற்றிய நூலில் அப்பேய் பதிவு பெற்றுள்ளது. இக்கதைகளுக்கு இடம் கொடுத்த இயற்கை ஒளிகளும் அந்நிலத்தில் இருந்தன. மட்கிய கட்டைகளில் முளைத்துப் பச்சையாக ஒளிரும் காளான்கள் மலேசியக் காடுகளில் உள்ளன. கழிமுகத்துச் சதுப்பு மரங்களில் மின்மினிகள் கூட்டமாக அடைந்து ஒளிரும். சதுப்பில் தாவரங்கள் அழுகும்போது மீத்தேன் வாயு வெளிப்படுவது உறுதியாகத் தெரிந்திருந்தாலும், அது எவ்வாறு தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஒரு வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு தோட்டத்தில் எவ்வாறு எடை போடப்பட்டிருக்கக்கூடும் என்பதைத் தோட்டத்தின் அமைப்பே காட்டுகிறது. ஒரே விடியலில் பல நிரைகளில் பலர் விளக்கோடு நின்றனர். ஒவ்வொருவரின் இடமும் மேற்பார்வையாளரான மண்டோருக்கும் கணக்கரான கிராணிக்கும் தெரியும். பாலை எடுத்துக்கொண்டு நிறுவைக்கு வரும்போது அனைவரும் மீண்டும் ஒன்றுகூடினர். மேற்கு நிரையில் நின்றவர் கண்டதாகச் சொன்ன வெளிச்சத்தைக் கிழக்கு நிரையில் நின்றவரிடம் அன்று முற்பகலுக்குள்ளேயே கேட்டறிய முடிந்தது. விடிவெள்ளி எப்போது, எந்தப் பக்கத்தில் எழும் என்பதையும் இப்பழக்கம் கற்றுக்கொடுத்திருக்கும். இதனால் பேய்ப் பயம் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு எதுவாக இருந்தாலும் அது ஓர் இடத்தோடும் ஒரு வேளையோடும் ஓர் ஆளோடும் கட்டுண்டே இருந்தது. படம் என்ற ஒன்று வந்து அக்கட்டை அவிழ்த்தது பின்னால்தான்.

அதற்கு முன்பே மனிதர் ஏற்றிய புதிய வெளிச்சங்கள் தோட்டத்து வானில் பெருகத் தொடங்கின. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே, மலாக்கா மாநிலத்துக்கு உரிய நிலத்துண்டான தஞ்சோங் துவானின் கலங்கரை விளக்கம் ஏற்கனவே அக்கடற்கரையில் சுழன்றுகொண்டிருந்தது. கம்யூனிசக் கிளர்ச்சியை ஒட்டி 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்டு, காவல் விளக்குகள் தோட்டத்துக்குள் வந்தன. 1960-களில் போர்ட்டிக்சன் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. அத்தகைய ஆலைகள் மிகை வாயுவை எரித்துவிடும் உயர்ந்த புகைபோக்கியின் சுடர், மேகம் தாழ்ந்த இரவுகளில் அடிமேகத்தில் பட்டுச் செந்நிறமாகப் பரவும். 1998-இல் மாநில எல்லையை ஒட்டிச் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபின், லாபு, நீலாய் வட்டாரங்களின் வானில் தரையிறங்கும் விமானங்கள் வழக்கமாயின. விமானம் பார்ப்பவரை நோக்கியே வரும்போது அதன் முகப்பு விளக்கு நகராமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிவதும், திரும்பியதும் சட்டென்று அணைந்ததுபோல் மறைவதும், விளங்காத வெளிச்சம் என்று உலகெங்கும் சொல்லப்படுபவற்றில் அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

அசையும் படமும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1946-இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் அரசுப் படங்களை நடமாடும் வண்டிகள் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுசென்று திறந்த வெளியில் திரை கட்டிக் காட்டின. சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் படங்கள் பட்டணத்துக் கொட்டகைகளில் ஓடின. புராணப் படங்களிலும் மாயாஜாலப் படங்களிலும் வானில் ஒளி தோன்றுவதும் அம்புகள் நெருப்பாகப் பாய்வதும் வாடிக்கையான காட்சிகள். 1957-இல் வெளிவந்த மாயாபஜாருக்கு ஒளிப்பதிவு செய்த மார்கஸ் பார்ட்லி, ஒரே படச்சுருளின் ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியில் மட்டும் ஒளி படச் செய்து, பின்னர் சுருளைத் திருப்பி மற்றப் பகுதியையும் நிரப்பும் இரட்டைப் பதிவு முதலிய உத்திகளில் தேர்ந்தவர். 1963-இல் அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த கலை அரசியில், வேற்றுக் கோளிலிருந்து பறக்கும் தட்டில் வந்தவர்கள் பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். வானத்து அதிசயத்தைப் படச்சுருளில் செய்துகாட்ட முடியும் என்பது இத்தகைய படங்களைப் பார்த்து வளர்ந்த தமிழ் இரசிகர்களுக்குப் புதிய சேதியாக இருந்திருக்க முடியாது. கொட்டகைக்குள் அது வேடிக்கை என்பது படம் எடுத்தவருக்கும் பார்த்தவருக்கும் தெரிந்தே இருந்தது.

பறக்கும் தட்டு என்ற கற்பனை வலுப்பெற்றது அமெரிக்காவில். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற விமானி வாஷிங்டன் மாநிலத்து மலைகளுக்கு மேலே ஒன்பது பொருள்கள் அதிவேகமாகச் சென்றதைக் கண்டதாகக் கூறியதிலிருந்து அப்பேச்சு பரவியது. அந்நாட்டு விமானப்படை 1969 வரை நடத்திய நீல நூல் திட்டம் என்னும் விசாரணையில் 12,618 தகவல்கள் பதிவாகி, அவற்றுள் 701 மட்டும் காரணம் அறியப்படாதவையாக எஞ்சின. மலேசியாவில் 1970 ஆகஸ்டில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிச் சிறுவர்கள் சிறு தட்டொன்றையும் குள்ள உருவங்களையும் கண்டதாகச் சொன்னது பெரும் பேச்சானது. அக்காலத்துப் போலி நிழற்படங்கள் பெரும்பாலும் கைவேலையாக இருந்தன: தட்டையோ வண்டிச் சக்கர மூடியையோ வீசியெறிந்து எடுப்பது, நூலில் சிறு பொம்மையைத் தொங்கவிடுவது, சன்னல் கண்ணாடியில் அறைவிளக்கு பிரதிபலிக்க வெளியே படம் பிடிப்பது. இவற்றைக் கண்டுபிடிக்கக் காற்றே உதவியது. தொலைவு கூடக்கூடக் காற்றிலுள்ள தூசும் ஈரமும் பொருளை வெளுக்கச் செய்வதால், மலைக்கப்பால் இருப்பதாகச் சொல்லப்படும் தட்டு மலையைவிடக் கருமையாகவும் துல்லியமாகவும் தெரிந்தால் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது என்று முடிவு செய்ய முடிந்தது.

கணினி வந்தபின் கைவேலை திரைக்குள் புகுந்தது. அதன் பெருநிகழ்வுகளுள் ஒன்று 2007 ஆகஸ்டில் இணையத்தில் பரவிய, ஹெய்ட்டி நாட்டில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட படம். கடற்கரைப் பனை வகை மரங்களுக்கு மேலே இரண்டு பெரிய விண்கலங்கள் ஒளியுடன் மிதந்து செல்வதைக் கையில் பிடித்த கேமராவின் நடுக்கத்தோடு அது காட்டியது. கலங்களையே நோக்கியவர்களுக்கு அதில் குறை எதுவும் தென்படவில்லை. மரங்களைப் பார்த்தவர்கள்தான் ஒரு மரத்தின் ஓலைகள் மற்றொரு மரத்திலும் அப்படியே திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டி, நிலக்காட்சிகளை உருவாக்கும் வியூ என்ற மென்பொருளின் ஆயத்த மரங்கள் அவை என்று கண்டுபிடித்தனர். படத்தை உருவாக்கிய பிரெஞ்சு அசைபடக் கலைஞர், கரையும் மரமும் உட்பட முழுவதையும் 17 மணி நேரத்தில் மடிக்கணினியில் செய்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அந்த மரங்கள் ஏன் காட்டிக்கொடுத்தன என்பது செம்பனைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கும். ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண ஒழுங்கில், ஹெக்டருக்குச் சுமார் 140 கன்றுகளாக, ஒரே வயதில் நடப்படும் செம்பனைகள் தூரப் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரியும். அருகில் சென்றால் ஒரு மரத்தில் மட்டைகளின் சுருள் வரிசை இடப்புறமாகவும் அடுத்ததில் வலப்புறமாகவும் ஏறுகிறது. ஒன்று வாய்க்கால் பக்கம் சாய்ந்திருக்கிறது. குலை வெட்டும்போது மட்டை கழிக்கப்பட்ட தழும்புகள் மரத்துக்கு மரம் வேறுபடுகின்றன. திட்டமிட்டு நட்ட தோட்டத்திலேயே இரண்டு மரங்கள் ஒன்றாக அமைவதில்லை என்றால், தானாக வளர்ந்த கடற்கரையில் அமைவது எப்படி என்ற கேள்விதான் அந்தப் படத்தை வீழ்த்தியது.

2011 சனவரியில் எருசலேம் நகரத்துக் குவிமாடத்தின்மேல் ஒளிப்பந்து இறங்கி மேலே பாய்ந்ததாகப் பரவிய படம் வேறு வகையில் பிடிபட்டது. கணினியில் ஒட்டிய காட்சி இயற்கையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் போலி நடுக்கம் சேர்க்கப்படும்போது, சட்டம் நகர்ந்து விளிம்பில் வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்ப மென்பொருள் படத்தின் ஓரத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைக்கும். அப்படத்தின் ஓரங்களில் நகர விளக்குகள் அவ்வாறு இரட்டித்துத் தெரிந்ததை ஆராய்ந்தவர்கள் காட்டினர். நடுக்கம் பற்றிய சோதனை வேறிடங்களிலும் பயன்படுகிறது: கை உண்மையில் நடுங்கும்போது தெருவிளக்கு எந்தத் திசையில் கோடாக இழுபடுகிறதோ அதே திசையில், அதே கணத்தில், வானத்து வெளிச்சமும் இழுபட வேண்டும், அது மட்டும் துல்லியமாக நின்றால் பின்னர் ஒட்டப்பட்டது என்று பொருள்.

மெய்யான வெளிச்சம் தரையில் என்ன விட்டுச்செல்லும் என்பதை 2013 பிப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின்மேல் வெடித்த விண்கல் விளக்கிக் காட்டியது. ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள அக்கல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியபோது, ஒருவரையொருவர் அறியாத பலரின் வண்டிகளில் பொருத்திய கேமராக்களும் தெருக் கண்காணிப்புக் கேமராக்களும் அதைப் பல கோணங்களில் பதிவு செய்தன. அந்நகரத்துப் புரட்சிச் சதுக்கத்தில் பதிவான படத்தில் விளக்குக் கம்பங்களின் நிழல் தரையில் சுழன்று நகர்ந்ததை அளந்தே, கொலம்பியாவின் அந்தியோக்கியா பல்கலைக்கழகத்து வானியலாளர்கள் இருவர் கல் வந்த வழியைக் கணக்கிட்டனர். வெளிச்சத்துக்கு இரண்டு நிமிடங்களுக்குமேல் கழித்தே அதிர்ச்சியலை வந்து சன்னல்களை நொறுக்கியது. ஒலி ஒளியைவிடப் பன்மடங்கு மெதுவாக வருவதால் அத்தாமதம் இயல்பானது. தொலைவானில் வெடிக்கும் ஒளியோடு முழக்கமும் அதே நொடியில் கேட்கும் படத்தை ஐயுற வேண்டும் என்பதும், கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சம் துத்தநாகக் கூரையிலோ ஈரச் சாலையிலோ இலையிலோ சிறிதும் படாத படத்தை நம்பலாகாது என்பதும் இதிலிருந்து பெறப்படும் விதிகள்.

போலிப் படத்தையும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட மெய்ப் படத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டியது இத்துறையின் இன்றியமையாத ஒழுங்கு. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை இலடாக் எல்லையில் இந்தியப் படையினர் 329 முறை கண்டதாகக் குறித்த ஒளிகளை, பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் நேரத்தையும் திசையையும் ஒப்பிட்டு, வெள்ளியும் வியாழனும் என்று இனங்கண்டனர்.  அமெரிக்கக் கடற்படையினர் இரவுநோக்குக் கருவி வழியே எடுத்த முக்கோண ஒளிகள், கருவியினூடாக வந்த ஒளியைக் கேமரா பதிவு செய்ததில் விளைந்த வடிவம் என்று 2022 மே மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணையில் விளக்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 31 நள்ளிரவுக்குப் பின் சரவாக்கின் கூச்சிங் வானில் எரிந்துகொண்டே சென்ற ஒளிக்கோடு பலராலும் விண்கல் என எண்ணப்பட, அது சீனாவின் லாங் மார்ச் 5பி ஏவூர்தியின் எச்சம் என்று மலேசிய விண்வெளி முகமை அறிவித்தது. இம்மூன்றிலும் பார்த்தவர் எவரும் பொய் சொல்லவில்லை. இடமும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தவற்றில் காரணத்தைத் தேட வழி இருந்தது.

தோட்டங்களில் இந்த வழி அடைபடத் தொடங்கியதற்குக் காரணம் பேய் நம்பிக்கை அன்று, தோட்டங்களே கலைந்துபோனமை. விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்களின் பங்கைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டதும், செம்பனைக்கு விடியுமுன் இருட்டில் ஆள் தேவைப்படாததும், நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனதும் நிற்கவில்லை. லயங்களிலிருந்து வெளியேறியவர்கள் பட்டணங்களின் மலிவுவிலை அடுக்கு வீடுகளில் சிதறிக் குடியேறினர். 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழ் 2019 சனவரியோடு நின்றது. அண்டை வீட்டாரின் வாய்வழி வந்த சேதியின் இடத்தில், யார் எடுத்தது என்று தெரியாத படம் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால், எடுத்த நேரமும் கருவியும் பற்றிய உட்குறிப்புகள் மறைவதோடு, ஒட்டு வேலையைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணிய விளிம்புகளும் மழுங்கிவிடுகின்றன. பலமுறை கைமாறிய போலி முதல் படத்தைவிடக் கூடுதலாக நம்பும்படி தோன்றுவது இதனால்தான்.

2016 மார்ச்சில் கிளந்தானின் கோலக் கிராய் வானில் பெருந்தட்டு பறந்ததாகக் காட்டிய படம் நாடெங்கும் பரவியபோது, காவல்துறை அதை மறுத்தது. அத்தனை பெரிய பொருளை அத்தனை பேர் வாழும் வட்டாரத்தில் வேறு எவரும் வேறு கோணத்தில் ஏன் எடுக்கவில்லை என்ற ஒரே கேள்வி அப்படத்துக்குப் போதுமானது. அதற்கு மறுஆண்டு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பரவும் சேதிகளைச் சரிபார்க்கச் செபெனார்ஞா என்ற இணையவாசலைத் திறந்தது. மரத்தின் ஓலையைத் திரும்ப வரையாத, ஓரத்தை இரட்டிக்காத செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்துவிட்ட இன்றைய நிலையில், படத்துக்குள்ளே குறை தேடும் முறைகள் ஒவ்வொன்றாகப் பயனிழக்கக்கூடும்.

பயனிழக்காத முறைக்கு நெகிரி செம்பிலானிலேயே எடுத்துக்காட்டு உண்டு. போர்ட்டிக்சனை அடுத்த தெலுக் கெமாங் நோக்ககம், இசுலாமிய மாதத் தொடக்கத்துக்குரிய இளம்பிறையைப் பார்க்கும் அதிகாரபூர்வ இடங்களுள் ஒன்று. பிறை அடிவானத்துக்கு மேலே 3 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும், சூரியனிலிருந்து 6.4 பாகையாவது விலகியிருக்க வேண்டும் என்ற அளவுகோல் முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. எந்த மாலையில், எத்திசையில் பார்ப்பது என்பது கணக்கால் அறியப்படுகிறது. நாட்டின் பல நோக்ககங்களிலிருந்து வரும் அறிக்கைகள் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படுகின்றன. அங்கே எடுக்கப்படும் படம் சாட்சிகளில் ஒன்றாக மட்டுமே கருதப்படுகிறது. அது எடுக்கப்பட்ட இடமும் நேரமும் கணக்கோடும் பிற நோக்கர்களின் கூற்றோடும் பொருந்தினாலன்றி எடையில்லை. விடியலில் தனித்தனி நிரைகளில் நின்றவர்கள் நிறுவைக் களத்தில் கூடி ஒப்பிடுவதற்குத் தோட்டம் தந்த வாய்ப்பை, அங்கே ஒரு நிறுவனம் முறைப்படி ஏற்படுத்தி வைத்திருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் உடன் பார்த்தவரையும் காட்ட முடியாத ஒளிப்படத்தை, அது எவ்வளவு தெளிவாக இருப்பினும், சான்றாக ஏற்பதற்கில்லை என்ற விதியை இந்த வரலாறு உறுதிப்படுத்துகிறது. அவ்விதியைக் கடைப்பிடிக்க மென்பொருள் அறிவு வேண்டியதில்லை, அடுத்தவரிடம் கேட்கும் வழக்கம் இருந்தால் போதும்.